பாலே நடன உடையின் வளர்ச்சி: பத்தொன்பதாம் நூற்றாண்டு

ஆடற்கலையில் உடை என்பது உடலை மூடுதற்கு மட்டும் அமைந்ததன்று. ஆடுவோரின் அசைவுகளுள் எவை காண்போர் கண்ணிற்படல் வேண்டும், எவை மறைதல் வேண்டும் என்பதை வரையறுப்பதும் அதுவே. ஆதலின் ஒரு நடனத்தின் உடை மாறுங்கால் அந்நடனத்தின் இலக்கணமும் உடன் மாறுகின்றது. இலக்கணம் மாறியதனால் உடை மாறுதலும் உண்டு. இவ்விரு திறத்து மாற்றங்களையும் ஒருங்கே காண்பதற்கு ஐரோப்பியரின் பாலே நடனம் ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

பாலே என்றதும் இன்று நம் மனக்கண்முன் தோன்றுவது, வெண்ணிற மென்துணி அடுக்கிய பாவாடையும், இறுகிய கச்சும், பட்டுக் காலணியும் அணிந்து கால்நுனியில் நிற்கும் ஒரு நங்கையின் உருவம். இவ்வுருவம் தொன்மையானதன்று. இதன் உறுப்புகள் அனைத்தும் 1800-க்கும் 1900-க்கும் இடைப்பட்ட நூறாண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தவை. நடன வரலாறு எழுதியோர் பலர் இம்மாற்றங்களைப் புகழ்பெற்ற ஆடல் மகளிரின் சுவைக்கே உரிமையாக்கினர். அச்சுவையும் ஒரு காரணமே. எனினும் நெசவுப்பொறி, ஆவிவிளக்கு, காலணி செய்வோரின் தொழில், அரங்க மேலாளரின் ஆணை ஆகிய புறக்காரணங்கள் அதனினும் வலியவாய் நின்றன என்பதும், அவற்றால் விளைந்த அழகிற்குரிய விலையை ஆடல் மகளிரின் உடலே இறுத்தது என்பதும் ஈண்டு எடுத்துக்காட்டப் பெறும்.

1. நூற்றாண்டின் தொடக்க நிலை

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிஸ் அரங்கில் ஆடிய மகளிர் அரசவை மகளிரின் உடையையே அணிந்தனர். இடுப்பின் இருபுறமும் விரிந்த வளையச் சட்டங்களும் கனத்த பட்டும் முகமூடியும் அவ்வுடையின் கூறுகள். இதனை எதிர்த்த முயற்சிகள் அக்காலத்திலேயே தோன்றின. மாரி கமார்கோ என்பார் தம் விரைந்த காற்செயல்கள் புலப்படுமாறு பாவாடையின் நீளத்தைக் குறைத்தார். மாரி சாலே என்பார் 1734-இல் இலண்டனில் வளையச் சட்டத்தை நீக்கி மெல்லிய மஸ்லின் உடையில் ஆடினார். ஆடலாசிரியர் நொவேர் 1760-இல் வெளியிட்ட கடித நூலில் முகமூடியையும் வளையச் சட்டத்தையும் விலக்கல் வேண்டுமென வாதிட்டார். ஆயினும் இவை தனி முயற்சிகளாகவே நின்றன.

1789-இல் எழுந்த பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னரே பொதுமாற்றம் நிகழ்ந்தது. கிரேக்கச் சிற்பங்களை ஒத்த மெல்லிய அங்கியும், குதியில்லாத மென்காலணியும், கால்களைத் தோலெனப் பற்றிய இறுக்கக் காலுறையும் வழக்கிற்கு வந்தன. குதி நீங்கவே பாதம் வளையவும் நீளவும் இயன்றது. வளையச் சட்டம் நீங்கவே உடல் சுழலவும் சாயவும் இயன்றது. பின்னாளில் பாலே அடைந்த நுட்பங்களுக்கெல்லாம் இதுவே அடிநிலை.

முடியாட்சி மீண்ட பின்னர் இவ்வுரிமை சிறிது குறுகிற்று. 1820-களில் அரசுக் கலைத்துறையை மேற்பார்த்த சொஸ்தேன் தெ லா ரோஷ்ஃபூக்கோ, ஒழுக்கத்தை நிலைநாட்டும் பொருட்டு நடன மகளிரின் பாவாடைகளை நீட்டுமாறு ஆணையிட்டார். பாவாடையின் அளவை ஆடுவோரும் ஆடலாசிரியருமே முடிவு செய்தனர் என்று கொள்ளுதல் பொருந்தாது என்பதற்கு இது முதற்சான்று.

2. 1832-ஆம் ஆண்டின் வெள்ளுடை

1832 மார்ச்சு 12-ஆம் நாள் பாரிஸ் ஆப்பராவில் 'லா சில்பீட்' என்னும் பாலே அரங்கேறியது. ஸ்காட்லாந்து நாட்டு இளைஞன் ஒருவன் காற்றில் உலவும் அணங்கு ஒருத்தியைக் காதலித்து அவளை இழப்பது கதை. அணங்காக ஆடியவர் மாரி தாலியோனி. நடனம் அமைத்தவர் அவர் தந்தை பிலிப்போ தாலியோனி. உடையை யூஜேன் லாமி என்னும் ஓவியர் வகுத்தார் என்பது மரபு.

அவ்வுடையின் அமைப்பு எளியது. தோள்களை வெளிக்காட்டும் இறுகிய மேற்கச்சு, மணிவடிவில் விரிந்து கணைக்காலின் நடுவளவில் நின்ற வெண்பாவாடை, முதுகில் இரு சிறு சிறகுகள், தலையில் மலர்வளையம், கழுத்திலும் மணிக்கட்டிலும் முத்துவடம், நாடாவால் கட்டிய பட்டுக் காலணி. பட்டும் பொன்னிழையும் அரங்கை ஆண்ட காலத்தில் இவ்வெளிமையே புதுமையாயிற்று.

இவ்வுடை கதையின் உட்பொருளோடு ஒன்றி நின்றமை நோக்கத்தக்கது. அணங்கிற்கு எடை இல்லை. அவள் நிலத்தைத் தீண்டியும் தீண்டாமலும் செல்பவள். ஆதலால் ஆடுபவளின் எடையை மறைப்பதே உடையின் தொழிலாயிற்று. அவள் எழும்பியபின் நிலத்திற்கு இறங்கும்போது மென்துணி அடுக்குகள் அவளினும் சற்றுத் தாழ்த்தே இறங்கும். அதனால் அவள் காற்றில் நிற்பதாக ஒரு கணம் தோன்றும். இக்கணத்தோற்றமே அந்நடனத்தின் உயிர்நிலை. கால்நுனியில் எழுதலும் இதன்பொருட்டே அமைந்தது. கால்நுனியில் எழுந்தோர் தாலியோனிக்கு முன்னரும் இருந்தனர். 1823-இல் வியன்னாவில் அமாலியா புரூன்யோலி என்னும் இத்தாலிய மங்கை அவ்வாறு ஆடினார். ஆயின் அதனை வித்தையாகக் காட்டாமல் பாத்திரத்தின் இயல்பாக்கிய பெருமை தாலியோனிக்கு உரியது.

3. துணியும் விளக்கும்

இத்தகைய உடை ஐம்பதாண்டுகட்கு முன்னர்த் தோன்றியிருத்தல் அரிது. அதற்கு வேண்டிய துணி மலிவாகக் கிடைத்திலது. அதனைக் காட்டும் விளக்கும் அன்று இல்லை.

மஸ்லின் என்னும் நுண்ணிய பருத்தித் துணிக்கு நெடுங்காலம் பெயர்பெற்றது வங்கத்து டாக்கா நகரம். 1779-இல் சாமுவேல் கிராம்ப்டன் அமைத்த நூற்புப்பொறி நுண்ணிழையை இங்கிலாந்திலேயே நூற்க வழிசெய்தது. அதன்பின் பொறியில் நூற்ற மஸ்லின் ஐரோப்பிய அங்காடிகளை நிறைத்தது. 1809-இல் ஜான் ஹீத்கோட் உரிமைப் பட்டயம் பெற்ற பொறி, கையால் முடையப்பட்டுவந்த டூல் என்னும் வலைத்துணியை விரைவாகவும் மிகுதியாகவும் நெய்து தந்தது. ஒரு பாவாடைக்குப் பல அடுக்கு வலைத்துணி தேவைப்படும். வரிசையாக நிற்கும் ஆடல் மகளிர் அனைவர்க்கும் அவ்வாறு உடையளித்தல் வேண்டுமாயின் துணியின் விலை தாழ்ந்திருத்தல் வேண்டும். வெள்ளுடை மகளிர் கூட்டமாகத் தோன்றும் 'வெண்பாலே' என்னும் வகை, இந்நெசவுப்பொறிகளின் காலத்திற்கு உரியது.

இனி விளக்கின் செய்தி. 1822-இல் பாரிஸ் ஆப்பராவின் லெ பெலத்தியே தெரு அரங்கில் ஆவிவிளக்கு ஏற்றப்பட்டது. எண்ணெய் விளக்கையும் மெழுகுதிரியையும் போலன்றி, இதன் சுடரை ஒரு திருகால் கூட்டவும் குறைக்கவும் இயலும். அரங்கில் நள்ளிரவையும் நிலவையும் தோற்றுவித்தல் எளிதாயிற்று. 1831 நவம்பரில் அரங்கேறிய 'ரொபேர் லெ தியாபிள்' என்னும் இசைநாடகத்தில், இறந்த கன்னித் துறவியர் பாழ்மடத்தில் எழுந்தாடும் காட்சி இவ்வொளியாலேயே புகழெய்தியது. மங்கிய ஒளியில் பலநிறப் பட்டு இருண்டு தோன்றும். வெண்மஸ்லினோ எஞ்சிய ஒளியையெல்லாம் தன்பால் ஈர்த்துத் தானே ஒளிர்வதுபோல் தோன்றும். வெள்ளுடையின் வெற்றிக்குத் துணி ஒருபாதி, ஒளி மறுபாதி என்க.

4. நிறவுடையும் அயல்நாட்டு உடையும்

வெள்ளுடை ஒன்றே அக்கால அரங்கை ஆண்டது எனக் கருதுதல் பிழை. 1836-இல் பானி எல்ஸ்லர் என்பார் 'லெ தியாபிள் புவாத்தே' என்னும் பாலேயில், இளஞ்சிவப்புப் பட்டின்மேல் கருநிறப் பின்னல் அடுக்குகள் அமைந்த உடையில் ஸ்பானிய நடனம் ஒன்றை ஆடினார். கவிஞரும் திறனாய்வாளருமான தியோபில் கோத்தியே, தாலியோனியைக் கிறித்தவ சமயம் சார்ந்த நடனமணி என்றும், எல்ஸ்லரைப் பழஞ்சமயம் சார்ந்த நடனமணி என்றும் பிரித்துரைத்தார். வெண்மை விண்ணிற்கும் நிறம் மண்ணிற்கும் அடையாளமாயின. 1841-இல் தோன்றிய 'ஜிசேல்' இவ்விரண்டையும் ஒரே கதையில் அடக்கியது. முதற்பகுதியில் கதைத்தலைவி சிற்றூர்ப் பெண்ணாக நிறவுடையிலும், இறந்தபின் இரண்டாம் பகுதியில் ஆவியாக வெள்ளுடையிலும் தோன்றுகிறாள். உடைமாற்றமே சாவை உணர்த்தும் மொழியாயிற்று.

அயல்நாட்டு உடையைப் பற்றிக் கூறுமிடத்துத் தமிழர்க்கு நேர்த்தொடர்புடைய ஒரு நிகழ்ச்சியைக் குறித்தல் கடமையாகும். ஐரோப்பியர் தேவதாசியரைப் 'பயதேர்' என வழங்கினர். 1830-இல் 'கடவுளும் பயதேரும்' என்ற பொருளில் அமைந்த நாடகத்தில் தாலியோனி அவ்வேடம் பூண்டார். ஆயின் அவர் அணிந்தது பெரும்பாலும் பாலே உடையே. அணிகலன்களும் இடைக்கச்சையும் மட்டுமே இந்தியச் சாயல் தந்தன. எட்டாண்டுகட்குப் பின், 1838-இல், திருவந்திபுரத்தைச் சார்ந்த தேவதாசியர் சிலர் தம் இசைவாணருடன் பாரிஸ் சென்று வரியெத்தே அரங்கிலும், பின்னர் இலண்டன் அடெல்பி அரங்கிலும் ஆடினர். அவருள் அம்மணி என்பாரைக் கோத்தியே வியந்தெழுதினார்; சிற்பி பார் அவர் உருவை வெண்கலத்தில் வடித்தார்.

இரு நடன நெறிகளும் ஒரே நகரில் எதிரெதிர் நின்ற காட்சி அது. பாலே உடை பாதம் நிலத்தைத் தீண்டுவதை மறைக்க முயன்றது. நம்மவரின் சலங்கையோ பாதம் நிலத்தில் ஊன்றும் ஒவ்வொரு முறையும் அதனை ஒலித்து அறிவித்தது. ஒன்று எடையை ஒளிக்கும் உடை. மற்றொன்று எடையைத் தாளமாக்கும் அணி. பாரிஸ் மக்கள் சிலகாலம் வியந்தனர். எனினும் அரங்கம் தன் பழைய வழக்கையே பற்றி நின்றது. கோத்தியே 1858-இல் சகுந்தலை கதையைப் பாலேயாக்கினார். மாரியஸ் பெத்திப்பா 1877-இல் பீட்டர்ஸ்பர்க்கில் 'லா பயதேர்' அமைத்தார். இந்தியக் கோயிலைக் களமாகக் கொண்ட அக்கதையின் உச்சக் காட்சியில் வரிசையாக இறங்கிவரும் ஆவி மகளிர் வெண்பாவாடையும் வெண்முக்காடும் அணிந்த ஐரோப்பிய அணங்குகளே. உண்மையான தேவதாசியரைக் கண்ட பின்னரும் அரங்கின் உடை மாறவில்லை.

5. தீயின் விலை

வெள்ளுடையை ஒளிரச்செய்த அதே ஆவிவிளக்கு அதனை எரிக்கவும் வல்லது. அரங்கின் முன்விளிம்பிலும் பக்கத் திரைகளிடையிலும் திறந்த சுடர்கள் வரிசையாக எரிந்தன. அடுக்கிய மென்துணியின் ஒவ்வோர் அடுக்கிற்கும் இடையே காற்று நிற்கும். அதனால் ஒரு பொறி பட்டவுடன் பாவாடை முழுதும் நொடியிற் பற்றிக்கொள்ளும். எடையின்மைத் தோற்றத்திற்குக் காரணமாகிய அமைப்பே எரிதற்கும் காரணமாயிற்று.

1844 டிசம்பரில் இலண்டன் துரூரி லேன் அரங்கில் கிளாரா வெப்ஸ்டர் என்னும் இளம் நடனமணியின் உடை காண்போர் முன்னிலையில் தீப்பற்றியது. மூன்றாம் நாள் அவர் இறந்தார். 1861 செப்டம்பரில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் கேல் சகோதரியர் உள்ளிட்ட ஆடல் மகளிர் பலர் ஒரே இரவில் தீக்கு இரையாயினர்.

தீயைத் தடுக்கும் வழி அறியப்படாததன்று. 1821-லேயே வேதியியலறிஞர் கே-லுசாக், அம்மோனிய உப்புகளும் வெண்காரமும் கலந்த கரைசலில் தோய்த்த துணி சுடர்விட்டு எரியாது எனக் காட்டியிருந்தார். 1859 நவம்பரில் பிரெஞ்சு அரசு, அரங்கத் திரைகளையும் உடைகளையும் கார்த்தெரோன் என்பாரின் முறையால் தீத்தடுப்புச் செய்தல் வேண்டும் என ஆணை பிறப்பித்தது. ஆயினும் அம்முறையால் துணி விறைத்தது. வெண்மை மங்கிப் பழுப்பேறியது. எந்தப் பண்புகளுக்காக மென்துணி தேர்ந்தெடுக்கப்பட்டதோ அவற்றையே அது அழித்தது. ஆகவே நடன மகளிர் அதனை அணிய மறுத்தனர்.

மறுத்தோருள் தலையாயவர் எம்மா லிவ்ரி. 1842-இல் பிறந்த இவர் 1858-இல் 'லா சில்பீட்' ஆடி அரங்கேறினார். முதுமையெய்திய தாலியோனி இவரைத் தம் வழித்தோன்றலாகக் கருதிப் பயிற்றியதுடன், 1860-இல் இவருக்கெனவே 'லெ பாப்பியோன்' என்னும் பாலேயையும் அமைத்தார். பட்டாம்பூச்சியாக மாறிய பெண் விளக்குச் சுடரை நாடிச் சிறகு கருகுவது அக்கதையில் வரும் நிகழ்ச்சி. அதே 1860-இல், முதற்காட்சிகளில் தாம் வழக்கமான பாவாடையையே அணிவதாகவும் விளையும் பொறுப்பைத் தாமே ஏற்பதாகவும் லிவ்ரி ஆப்பரா மேலாளருக்கு எழுதிக்கொடுத்தார். 1862 நவம்பர் 15-ஆம் நாள் 'லா முயெத் தெ போர்த்திசி' ஒத்திகையில் அவர் பாவாடை ஆவிவிளக்கிற் பட்டுப் பற்றியது. எட்டுத் திங்களுக்கு மேல் துன்புற்று, 1863 ஜூலை 26-ஆம் நாள் தம் இருபதாம் வயதில் இறந்தார். அவ்வுடையின் எரிந்த எச்சங்கள் பாரிஸ் ஆப்பரா நூலக அருங்காட்சியகத்திற் பேணப்பட்டுள்ளன.

லிவ்ரியின் மறுப்பை இளமையின் பிடிவாதம் எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் அது நேரிதாகாது. எடையற்றவளாகத் தோன்றுதலே அவர் தொழில். அத்தோற்றம் குறைந்தால் புகழும் ஊதியமும் குறையும். விறைத்த பழுப்புப் பாவாடையில் ஆடுவோர்க்கும் வெண்மென்பாவாடையில் ஆடுவோர்க்கும் வேற்றுமை கண்டு தீர்ப்பளிக்கும் அவையின் முன்னர் அவர் நின்றார். திறந்த சுடரை அகற்றும் கடமை அரங்கினுடையது. உடையை மாற்றும் சுமையோ ஆடுபவள்மேல் ஏற்றப்பட்டது. கையொப்பமிட்டவர் லிவ்ரி ஆயினும், அத்தேர்வை அவர்முன் வைத்தது அக்காலக் கலையுலகமே.

6. காலணியும் பாவாடையின் குறுக்கமும்

நூற்றாண்டின் பிற்பாதியில் பாவாடை படிப்படியாகக் குறுகியது. 1870-களில் முழங்காலை ஒட்டி நின்ற அது, 1880-களில் இன்னும் மேலேறியது. இதற்குரிய காரணம் முதன்மையாகக் காலணியில் உள்ளது. தாலியோனி அணிந்தது மென்பட்டுக் காலணியே. அதன் நுனியும் ஓரமும் நூலால் தையலிட்டு உறுதி செய்யப்பட்டிருந்தன. அதில் ஒரு கணம் எழுந்து நிற்கலாமேயன்றி நெடிது நிற்றல் அரிது. பின்னர் இத்தாலியக் காலணித் தொழிலாளர், பசையூட்டிய துணியடுக்குகளால் நுனியைக் கெட்டிப்படுத்தும் முறையை வளர்த்தனர். கெட்டிநுனி தாங்கவே, மிலான் நகரப் பயிற்சியில் வளர்ந்த மகளிர் கால்நுனியில் நின்று பலமுறை சுழலத் தலைப்பட்டனர். பியெரினா லென்யானி 1890-களில் பீட்டர்ஸ்பர்க் அரங்கில் ஒற்றைக்காலில் தொடர்ந்து முப்பத்திரண்டு சுழற்சிகள் செய்து காட்டினார். 1895-இன் 'அன்ன ஏரி' அரங்கேற்றத்திலும் அவை இடம்பெற்றன.

இத்தகைய வித்தையை நீண்ட பாவாடை மறைத்துவிடும். முழங்காலின் நேர்மையும் காலின் திருப்பமும் புலப்படல் வேண்டும் என்ற தேவை எழுந்தது. 1885-இல் ரஷ்யா சென்ற விர்ஜீனியா சூக்கி, அரசவை அரங்கின் விதியிலிருந்த நீண்ட பாவாடையை ஏற்க மறுத்துக் குறும்பாவாடையை வற்புறுத்தினார் என்பர். இங்ஙனம் குறுகிய பாவாடைக்கே 'டூட்டூ' என்னும் பெயர் நிலைத்தது. எனினும் அக்கால டூட்டூ தாழச் சரிந்த மணிவடிவினதே. தட்டுப்போல் கிடையாக விரிந்து நிற்கும் வடிவம் இருபதாம் நூற்றாண்டிற்கு உரியது.

கலைத்தேவையோடு வேறொரு தேவையும் கலந்திருந்தமையை மறைத்தலாகாது. 1831-இல் ஆப்பராவைக் குத்தகைக்கேற்ற வெரோன், ஆடல் மகளிர் கூடும் பின்மண்டபத்தைச் செல்வராகிய ஆண்டுச் சந்தாதாரர்க்குத் திறந்துவிட்டார். அரங்கின் வருவாய்க்கு உடலின் காட்சியும் ஒரு முதலாயிற்று. 1881-இல் எட்கார் தெகா காட்சிக்கு வைத்த 'பதினான்கு வயது ஆடற்சிறுமி' என்னும் மெழுகுச் சிலை, மெய்யான துணிக்கச்சும் பாவாடையும் காலணியும் அணிந்தது. அதற்கு மாதிரியாக நின்ற மாரி வான் கூத்தெம் சலவைத் தொழிலாளி ஒருவரின் மகள். அணங்கின் உடைக்குள் இருந்தவர் பெரும்பாலும் இத்தகைய வறிய குடியினரே.

ஆடவர் உடையின் வரலாறு சிறிது. 1832-இல் ஸ்காட்லாந்து உடையில் முன்னின்ற ஆடவன், பாரிஸ் அரங்கில் மெல்லமெல்லப் பின்னுக்குத் தள்ளப்பட்டான். 1870-இல் 'கொப்பெலியா' அரங்கேறியபோது காதலன் வேடத்தையே யூஜெனி பியோக்கர் என்னும் பெண்மணி ஆணுடையில் ஏற்றார்.

7. நூற்றாண்டின் இறுதி

1881-இல் இலண்டன் சவாய் அரங்கம் முழுதும் மின்விளக்கால் ஒளிபெற்றது. அதே ஆண்டு வியன்னாவின் ரிங் அரங்கும், 1887-இல் பாரிஸின் ஆப்பரா-கொமிக்கும் எரிந்தமை, பிற அரங்குகளையும் மின்னொளிக்கு விரைந்து மாறச் செய்தன. ஆடல் மகளிர் இறந்தபோது நிகழாத மாற்றம் காண்போர் நூற்றுக்கணக்கில் இறந்தபின் நிகழ்ந்தது.

மின்னொளி உடையின் இயல்பையும் மாற்றியது. மங்கிய நிலவொளியில் உயிர்பெற்ற மஸ்லினின் மாயம் கூரிய ஒளியில் குன்றியது. நிறமும் மின்னும் அணியும் மீண்டும் இடம்பெற்றன. 1890-இல் பீட்டர்ஸ்பர்க்கில் 'துயிலும் அழகி' அரங்கேறியபோது அரங்க இயக்குநர் விசேவலோஸ்கி தாமே உடைகளை வரைந்தார். அரசவையோர் அனைவரும் பழம் பிரெஞ்சு அரசவை உடையில் நிற்க, இளவரசி மட்டும் டூட்டூவில் ஆடினாள். இடத்தையும் காலத்தையும் சாராத தொழிற்சீருடையாகப் பாலே உடை உறைந்துவிட்டமைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா. அவ்வுறைவை எதிர்த்தவர் மிக்கேல் போக்கின். 1908-இல் தம் 'ஷொப்பினியானா'வில் தாலியோனியின் நீண்ட வெண்பாவாடையை மீட்டெடுத்து, உடை கதைக்கும் இசைக்கும் உரியதாதல் வேண்டும் என நிறுவினார்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் விளங்குவன மூன்று. பாலே உடையின் ஒவ்வொரு பெருமாற்றமும் அரங்கிற்கு வெளியே தோன்றிய ஒரு தொழில் மாற்றத்தோடு இணைந்தே நிகழ்ந்தது. அத்தொழில் மாற்றத்தைக் கலையாக்கிய திறம் ஆடல் மகளிர்க்கும் ஆடலாசிரியர்க்கும் உரியது. ஆயின் உடையின் நீளத்தையும் துணியையும் அதன் இடர்ப்பாட்டையும் முடிவு செய்யும் உரிமை முழுமையாக அவர்கையில் என்றும் இருந்ததில்லை. எடையற்றதாகத் தோன்றிய அவ்வுடை, அணிந்தோர்க்கு எடையுள்ளதாகவே இருந்தது. நடன உடையின் வரலாற்றை எழுதப் புகுவோர், ஓவியத்திலும் அச்சுப்படத்திலும் காணும் அழகோடு நில்லாது, அதனை நெய்தோர், தைத்தோர், ஒளியூட்டினோர், அணிந்தோர் ஆகிய அனைவரின் வரலாற்றையும் உடன்வைத்து ஆராய்தல் வேண்டும்.